முப்பதாவது தண்டால்

மார்ச் 4

சின்னவளுக்கு,

என் மகள், உன் அக்கா, முப்பது தண்டால் எடுத்தாள். எதிரில் படுத்திருந்த ஆள் இருபத்தொன்பது வரைக்கும்தான் எண்ணினார். அந்த ஒரு எண்ணை விழுங்கியது யார், விழுங்கச் சொன்னது யார் என்று தெரிந்துகொள்ளாமல் நான் கண்ணை மூடப் போவதில்லை.

விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இனி நலம். உன் முதுகுப் பிடிப்பு எப்படி இருக்கிறது? என் முழங்கால் மழை வருவதை வானத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறது. உன் பெரியம்மா சௌக்கியம். அவள் வாய் அதைவிடச் சௌக்கியம்.

எட்டாவதோடு நின்றவன் ராணுவ விதியைப் பற்றி என்ன பேசுவது என்று உன் அப்பன் சிரிப்பான். சிரிக்கட்டும். தண்ணீர் வாரியத்தின் மோட்டார் அறையில் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பம்போடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத்தான் பம்பைப் பிரித்தேன். உங்கள் புதிய உடற்தகுதி விதிப் புத்தகத்தையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு வயதுக்கு ஒரு அளவு, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இப்போது கனரக வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரே அளவு, முப்பது. முன்பு இறங்கி எழுந்தால் தண்டால். இப்போது மார்பு தரையைத் தொட வேண்டும், இரண்டு கையும் தரையை விட்டு எழ வேண்டும், பிறகு ஊன்றி எழ வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. லாரி டயர் ஆள் பார்த்துக் கழல்வதில்லை. ஒரே அளவு என்றால் ஒரே அளவாக இருக்கட்டும். நான் கேட்பது அதைத்தான்.

ஒன்பது வருடம் லாரி ஓட்டியவளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தில், ‘தகுதியில்லை’ என்று ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது ஏன் என்று உனக்கும் தெரியும். உங்கள் கட்டளை அதிகாரி, அந்த இஸ்திரி, தன் வீட்டுச் சாமான்களை ஏற்றிப்போக லாரி கேட்டான். “டிரிப் ஷீட் இல்லாம வண்டி நகராது சார்” என்றாள் இவள். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் தாங்காதவன், முகத்தில் விழுந்த சுருக்கத்தை மறப்பானா?

நீ அதே முகாமில் உடற்பயிற்சி ஆசிரியை. எண்ணியது யார் என்று மட்டும் கண்டுபிடித்து எழுது. போனில் கேட்டால் நீ “சரி பெரியப்பா” என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் ‘சரி’ என்று மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்ட முடியாது. அதனால்தான் தபால்.

ஆசியுடன்,
பெரியப்பா


மார்ச் 29

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். முதுகு பரவாயில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படிக்கட்டு ஏறாதீர்கள். பெரியம்மாவிடம் சொல்லி என்ன பயன், நீங்கள் கேட்கவா போகிறீர்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புதிய அளவு வந்ததிலிருந்து எங்களுக்கு உட்கார நேரமில்லை. நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் விடிவதற்கு முன்பே மைதானத்தில் கிடக்கிறார்கள். சமையல்காரர் ஒருவர் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் பழகுகிறார். “தேர்வுல மூட்டை இல்லையேண்ணே” என்று சொன்னால், “எனக்கு மூட்டை இல்லாம ஓடத் தெரியாதும்மா” என்கிறார்.

நீங்கள் கேட்டதைப் பற்றி. எண்ணுகிறவர் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். கன்னம் தரையில் இருக்கும், அப்போதுதான் எதிரில் இருப்பவரின் கைக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். சரியாக எடுத்தால் அடுத்த எண். சரியில்லை என்றால் பழைய எண்ணையே திரும்பச் சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார். தேர்வு எடுக்கிறவருக்கு அந்த எண் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு எண்ணியது நாங்கள் நான்கு பேர். யாருக்கு யார் என்று விசாரித்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பட்டப்பெயரை உறையின்மேல் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 5

சின்னவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் நடக்கிறது. வெந்நீர் முழங்காலில் பாதி, என் வேட்டியில் பாதி.

விசாரித்துப் பார்க்க அது என்ன வெளிநாடா? எண்ணியது நான்கு பேர். அதில் நீ ஒருத்தி. பாக்கி மூன்று பேர். மூன்று பேரைக் கேட்க ஒரு டீ ஆறுகிற நேரம் போதும்.

உன் அக்கா இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினாறு சக்கர வண்டியைப் பின்பக்கமாகக் கொட்டகைக்குள் விட்டவள், இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று ஹாரன் அடித்துக் காத்திருக்கிறாள். அவளிடம் நானே கேட்டேன்.

“எண்ணினது யாரும்மா?”

“யாரோப்பா.”

“யாரோன்னு ஒருத்தர் உங்க முகாம்ல சம்பளம் வாங்குறாரா?”

“அப்பா, சாப்பிட விடுங்க.”

உன் பெரியம்மா கரண்டியோடு வந்தாள். “பொண்ணு மறக்கப் பாக்குறா, நீங்க நோண்டுறீங்க. பம்பு கெட்டுப்போனாதான் பிரிக்கணும்” என்றாள். “இது கெட்டுப்போகலையா?” என்றேன். அவள் கரண்டியோடு அடுப்படிக்கே திரும்பிவிட்டாள். அவள் பதில் சொல்லாமல் போனது இந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

புத்தகத்தில் இரண்டு விஷயம் பிடித்துவிட்டேன். ஒன்று, ஒரு வருடத்துக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதினால் மறுதேர்வு கேட்கலாம். அதற்கு எண்ணியவரின் வாக்குமூலம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உன் அக்கா கடைசிவரை வேன்தான். இரண்டாவது, கட்டளை அதிகாரியும் படைப்பிரிவோடு சேர்ந்து அதே தேர்வை எடுக்க வேண்டும். வயதுக்கு, பதவிக்குச் சலுகை கிடையாது. இஸ்திரி எடுத்தானா? அதையும் எழுது.

அவனைச் சும்மா விடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்ணினவனையும்தான்.

பெரியப்பா


ஜூன் 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம்தானே? இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்விதான் என்பதால் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

எண்ணியவர்கள் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

கட்டளை அதிகாரி, அக்கா தேர்வு எடுத்த அன்றைக்கு மாலையே தேர்வை எடுத்துத் தேறிவிட்டார். அதில் பேச ஒன்றும் இல்லை.

தலைமைப் பயிற்சி ஆசிரியை பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. இதுவரை இந்த முகாமில் பெண்கள் யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. அதற்குக் கட்டளை அதிகாரியின் சிபாரிசு வேண்டும். அப்பா ரொம்பச் சந்தோஷப்படுகிறார். நான் வேறு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

அக்கா இப்போது நிம்மதியாகத்தானே இருக்கிறாள்? ராத்திரிப் பயணம் இல்லை, வீட்டுச் சாப்பாடு. சில விஷயங்களைக் கிளறாமல் விட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. நான் சின்னவள், சொன்னது தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வெயில் அதிகம். நீங்கள் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
சின்னவள்


ஜூன் 19

சின்னவளுக்கு,

பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒரு விதியும் கிடையாது. புத்தகம் என் மடியில் இருக்கிறது. முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை தேடிவிட்டேன்.

உன் அக்கா நிம்மதியாக இருக்கிறாளா என்று கேட்டாயே, சொல்கிறேன். அவள் தினமும் வேன் எடுக்கப் போவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய்த் தண்டால் எடுக்கிறாள். யாருக்கும் சொல்வதில்லை. துணி காயப்போடப் போன உன் பெரியம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நேற்று நானும் ஏறினேன்.

“நான் எண்ணுறேன்” என்றேன்.

“நீங்களா? செருப்பு மாட்டவே அம்மாவைக் கூப்பிடுறீங்க.”

“நீ எடு.”

நீ எழுதியபடியே குப்புறப் படுத்தேன். கன்னம் சிமெண்டில். எண்ணுகிறவனுக்கு என்ன தெரியும் என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றுதான் படுத்தேன். எதிரில் அவள் இறங்கினாள், ஏறினாள். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழம் தூரம்கூட இல்லை. நெற்றி வியர்வை சொட்டுகிற இடம்கூடத் தெரிகிறது. அவள் மூச்சு என்மேல் படுகிறது. முடிந்ததும் அவள் அப்படியே தரையில் கிடந்தாள். நானும் கிடந்தேன்.

“இவ்வளவு கிட்டத்துல படுத்து எண்ணின ஆளு மூஞ்சி உனக்குத் தெரியலைன்னு சொன்னே?”

“தெரியும்பா.”

“யாரு?”

“சின்னவ.”

“எந்தச் சின்னவ?”

“நமக்கு எத்தனை சின்னவ இருக்கா? அவதான். அவளுக்கு ஒண்ணும் எழுதாதீங்க.”

“வண்டி வேணுமா, வேண்டாமா உனக்கு?”

“வேணும்” என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. “ஆனா அவ வேலைக்கு உலை வெச்சு வேண்டாம்.”

அதற்கப்புறம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவளும் உன் பெரியம்மாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். “எண்ணப் போன மனுஷனைத் தூக்க ஆள் எண்ண வேண்டியதாப் போச்சு” என்றாள் உன் பெரியம்மா.

பாக்கி மூன்று பேரைக் கேள் என்று நான் எழுதியபோது நீ என்ன நினைத்துக்கொண்டாய்? கிழவன் பாவம் என்றா? என் வீட்டில் நாலு வருடம் இருந்து படித்தாய். உன் அக்காவும் நீயும் ஒரே போர்வைக்கு இழுபறி செய்து உறங்கியவர்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருபத்தொன்பது, இருபத்தொன்பது என்று சொல்ல உன் நாக்கு எப்படிப் புரண்டது?

இனி உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

பெரியப்பா


ஜூன் 21

அடியே,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். அப்பா ஒரு கடிதம் போட்டிருக்கார். அது கிடைச்சதும் அழாதே, ஒண்ணும் பதிலும் எழுதாதே. நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். வாய் தவறின்னு சொல்றது பொய். அவர் அந்த வயசுல கன்னத்தை சிமெண்டில வெச்சுப் படுத்ததைப் பாத்ததும் என்னால மறைக்க முடியலை.

நீ எண்ணினது எப்படின்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பத்தி நான் பேசலை. எனக்குக் கோபமே இல்லைன்னும் நினைச்சுக்காதே. இருக்கு. முடிஞ்சதும் நீ எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டே. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. அதுதான்.

பதவி வரட்டும். வாங்கிக்கோ.

அம்மா உன்னைக் கேட்டா.

அக்கா


ஜூலை 16

பெரியப்பாவுக்கு,

வணக்கம். என் நலத்தை விசாரிக்கப் போவதில்லை என்று எழுதிவிட்டீர்கள். நான் விசாரிக்கிறேன். மாடியில் படுத்ததற்கு அப்புறம் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாள். மூன்று வாரம் அவள் பேச்சைக் கேட்டேன். இனி முடியாது.

அன்றைக்குக் காலை நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றோம். அக்காவுக்கு வேறொருவரைத்தான் போட்டிருந்தார்கள். கட்டளை அதிகாரி வந்து மாற்றினார். “உங்க அக்காவுக்கு நீயே எண்ணு. வெளியாள் எண்ணித் தோத்தா என்மேல பழி வரும். நீ எண்ணி ஜெயிச்சா, சொந்தம்னு விட்டுட்டாங்கன்னு ஊரே பேசும். உன்னை நம்பித்தான் விடுறேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், சிரித்துக்கொண்டே. மைதானம் முழுவதும் என்னைத்தான் பார்த்தது. சொந்தக்காரிக்கு எண்ணிவிட்டாள் என்று ஒரு வாய்கூடச் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. வேறு யாருக்கும் இல்லாதபடி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினேன்.

ஆனால் நான் பொய்யாக எண்ணவில்லை.

நீங்கள் மாடியில் படுத்ததை எழுதினீர்கள். அவள் வியர்வை சொட்டியதை எழுதினீர்கள். மூச்சு பட்டதை எழுதினீர்கள். யார் தூக்கினார்கள், பெரியம்மா என்ன சொன்னாள் எல்லாம் எழுதினீர்கள். எண்ணத்தானே படுத்தீர்கள்? எத்தனை எண்ணினீர்கள் என்று எழுதவில்லையே. கடைசித் தண்டாலில் அவள் கை தரையை விட்டு எழுந்ததா? அதை மட்டும் எழுதுங்கள் பெரியப்பா. அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

சின்னவள்


ஆகஸ்ட் 20

சின்னவளுக்கு,

எழவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதிக் கிழித்த காகிதத்தைக் கூட்டிப் பெருக்கிய உன் பெரியம்மா, “பேசாம ஒரு நோட்டுக் கம்பெனியை வாங்கிடுங்க” என்றாள்.

கடைசித் தண்டாலில் அவள் உள்ளங்கை சிமெண்டில் ஒட்டியபடியே இருந்தது. அடியில் வெளிச்சம் தெரியவில்லை. மார்பு தொட்டது, தோள் அசைந்தது, கை எழவில்லை. பழைய அளவில் ஒன்பது வருடம் எடுத்த கை, களைத்ததும் பழைய வழிக்குப் போய்விடுகிறது. அவளிடமும் சொன்னேன். “தெரியும்பா. அதைத்தான் தினம் பழகிட்டிருக்கேன்” என்றாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். உனக்குத் தெரியும். தெரியாமல் ஊருக்கெல்லாம் தமுக்கடித்தவன் நான் ஒருத்தன்தான்.

உடனே நான் தணிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சரியாக எண்ணினாய் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் அத்தனை பேருக்கும் அப்படித்தான் எண்ணினார்களா? அப்படியென்றால் நான் இந்தக் கடிதத்தோடு வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் கேள். எல்லாருக்கும் தப்பாக எண்ணுகிறவனை அரைகுறை என்று சொல்லி விட்டுவிடலாம். தன் அக்காவுக்கு மட்டும் சரியாக எண்ணுகிறவளை என்னவென்று சொல்வது?

இப்போது என் முறை. மற்றவர்களுக்கு எப்படி எண்ணினார்கள்? இஸ்திரி எப்படி எடுத்தான்? அவன் கை எழுந்ததா? அவனுக்கு எண்ணியது யார்?

உன்னைப்போல நானும் ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறேன். பதில் எழுது.

பெரியப்பா


செப்டம்பர் 8

பெரியப்பாவுக்கு,

வணக்கம். மற்ற மூன்று பேரும் எண்ணிக்கொண்டே போனார்கள். புதிய அளவு, முதல் தடவை, போகட்டும் என்று விட்டார்கள். அக்காவைத் தவிர மற்றவர்களுக்கு நானும் அப்படித்தான் விட்டேன். அந்த வரிசைகளில் கடைசிவரை கையை எடுத்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எல்லாரும் தேறினார்கள். தோற்றது அக்கா மட்டும்தான்.

மாலையில் மைதானம் காலியான பிறகு கட்டளை அதிகாரி வந்தார். நான்தான் எண்ணினேன். துண்டு விரித்து, சட்டை கசங்காமல் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மார்பு தரையைத் தொடவில்லை. கை ஒரு தடவைகூட எழவில்லை. நான் முப்பதுவரை சத்தமாக எண்ணினேன்.

எழுந்து துண்டை மடித்துக்கொண்டே, “காலையில அக்காவுக்கு நல்லா எண்ணினே. நேர்மையான பொண்ணு” என்றார். சிபாரிசிலும் அதையே எழுதியிருக்கிறாராம். நேர்மையானவர் என்று.

இந்த மாதக் கடைசியில் அடுத்த அரையாண்டுத் தேர்வு. தனக்கு நான்தான் எண்ண வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்யட்டும் பெரியப்பா?

சின்னவள்


செப்டம்பர் 13

சின்னவளுக்கு,

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆறுதல் வேண்டுமென்றால் உன் அப்பனுக்கு எழுது.

இஸ்திரி இந்தத் தடவை மாலையில் துண்டு விரிக்கக் கூடாது. காலையில், படைப்பிரிவோடு, முதல் வரிசையில், வெறும் தரையில் படுக்க வேண்டும். விதி அதுதான். அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டித் தலைமை அலுவலகத்துக்கும் அவனுக்கும் நேற்றே பதிவுத் தபால் போட்டுவிட்டேன். தேர்வைப் பார்க்க ஆள் அனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் போட்டேன். கேட்டிருந்தால் நீ இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதியிருப்பாய்.

நீ அவன் எதிரில் படுப்பாய். அவன் உன்னைத்தான் கேட்டிருக்கிறான், அவன் ஆசையைக் கெடுக்க வேண்டாம். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். கை எழுந்தால் அடுத்த எண். எழாவிட்டால் அதே எண், பின்வரிசையில் நிற்கிற சமையல்காரருக்கும் கேட்கும்படி. அவன் முறைப்பான். இருமுவான். பல்லைக் கடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்வான். அதே எண். அவன் சரியாக எடுத்தால் ஒன்றுகூடக் குறைக்காமல் எண்ணிவிடு. அவன் அளவு எனக்கு வேண்டும், அவன்மேல் பொய் வேண்டாம். முப்பதும் சரியாக எடுத்துவிட்டால் அது என் தலைவிதி. எடுக்க மாட்டான்.

மற்ற மூன்று எண்ணுகிறவர்களிடமும் முதல்நாளே நீ சொல்லிவிட வேண்டும், நாளைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் என்று. அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். கேட்டுக்கொள்.

அன்று மாலையே மேல்முறையீட்டுக் குழுவுக்கு வாக்குமூலம் எழுது. அக்கா ஜெயித்தாள் என்று எழுதாதே. அவள் கை கடைசியில் எழவில்லை, எண்ணவில்லை என்று எழுது. அதற்கு அடுத்த வரியில், அதே நாள், அதே மைதானத்தில், அவன் கை ஒரு தடவைகூட எழவில்லை, முப்பது எண்ணினேன் என்று எழுது. மற்ற வரிசைகள் எப்படித் தேறின என்பதையும் எழுது. கீழே கையெழுத்துப் போடு. பதவி போகும். தோளில் இருக்கிற பட்டையும் போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன். அவனோடு சேர்ந்து உனக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

உன் அப்பன் என்னிடம் வந்து அழ வேண்டாம். அழுவதில் அவன் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன். குழு உன்னைக் கூப்பிடுகிற அன்று உன்னோடு வந்து, வெளி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு, உன் பையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். அவனுக்கு அது ஒன்றுதான் வேலை.

உன் அக்கா மறுதேர்வுக்கு வருவாள். நீ எண்ணக் கூடாது, உனக்குத் தெரிந்த யாரும் எண்ணக் கூடாது. முன்பின் பார்க்காத ஒருவர் எண்ண வேண்டும். இப்போது மாடியில் உன் பெரியம்மாதான் படுத்து எண்ணுகிறாள். அவளிடம் ஒன்றும் தப்பாது, கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அக்கா கை எழுந்தால் அவள் லாரி ஓட்டட்டும். எழாவிட்டால் வேன் ஓட்டட்டும். அதற்குமேல் நான் யாரையும் கேட்க மாட்டேன்.

அந்த மேல்முறையீட்டு மனுவை நான் எழுதுவேன். வக்கீல் வேண்டாம். நானே எடுத்துப்போய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டுதான் வருவேன்.

எல்லாம் முடிந்த பிறகு, வேலை இருந்தாலும் போனாலும், நீ இங்கே வந்துவிட்டுப் போக வேண்டும். உன் பெரியம்மா கதவைத் திறப்பாள். அக்கா உனக்குத் தட்டு வைப்பாள், அவளோடு உட்கார்ந்து சாப்பிடு, அவள் முகத்தைப் பார்த்துப் பேசு. நான் உள்ளறையில் இருப்பேன். எழுந்து வர மாட்டேன். எப்போது வருவேன் என்று நீயும் கேட்கக் கூடாது, மற்றவர்களை விட்டும் கேட்கக் கூடாது.

பெரியப்பா